ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறீங்களா? பெட்டியில் உள்ள வாட்டை விட முக்கியமான 4 எண்கள்

கடையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் '200 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில் மூலையில் சின்னதாக '42 வாட்' என்று இருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பீர்கள்?

கை தானாக 200 பக்கம் போகும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவருக்கு அந்த எண் கிட்டத்தட்ட எதையுமே சொல்வதில்லை. சொல்லக்கூடிய எண்கள் வேறு இருக்கின்றன. அவை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு எண் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அதை உங்கள் வீட்டிலேயே டேப் வைத்து அளக்க வேண்டும்.

முதல் முறையாக நல்ல சவுண்ட் சிஸ்டத்துக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தப் பணம் எதில் போக வேண்டும், எதில் போகக் கூடாது என்பதை இந்த எண்களை வைத்தே முடிவு செய்யலாம். கணக்கு எல்லாம் பெருக்கல், வகுத்தல் அளவுதான். பயப்பட வேண்டாம்.

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் என்ன?

தரையில் நிற்காமல் ஸ்டாண்ட், மேசை அல்லது அலமாரியில் வைக்கிற அளவுள்ள ஜோடி ஸ்பீக்கர்கள்தான் இவை. பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் இரண்டு டிரைவர்கள் இருக்கும். அடிக்குரலுக்கும் நடுக்குரலுக்கும் 4 முதல் 6.5 அங்குல வூஃபர். உச்சக்குரலுக்கு ஏறக்குறைய 1 அங்குல ட்வீட்டர்.

இந்த அளவுப் பெட்டியில் நல்ல பேஸ் வரும் என்று முதலில் நிரூபித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954-ல் அவருடைய அக்யூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. பெட்டியை இறுக்கமாக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங் போலப் பயன்படுத்தினார். 1970-களில் பிரிட்டனின் பிபிசி, வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. இன்றைக்கும் அதை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இயற்பியல் இதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த கரண்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றையும் தருவதாக ஒரு பெட்டி சொன்னால், அது எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட் எண் ஏன் ஏமாற்றுகிறது?

1990-களில் டேப் ரெக்கார்டர் வாங்கிய வீடுகளில் 'பி.எம்.பி.ஓ' என்ற எழுத்துகள் ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் ஆயிரக்கணக்கான வாட் என்று ஒட்டியிருப்பார்கள். ஒரு கணம் எட்டக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டுப் போட்ட எண் அது. அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்' வாட். எடிஃபயர் ஆர்1280டி என்ற பிரபலமான ஸ்பீக்கரில் இருப்பது இந்த வகைக் கணக்குதான். பக்கத்துக்கு 21, மொத்தம் 42 வாட்.

ஆர்.எம்.எஸ் என்று போட்டிருந்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை ஓமில்? எவ்வளவு சிதைவில்?

டெனான் பிஎம்ஏ-600என்இ என்ற ஆம்ப்ளிஃபையரை உதாரணமாகப் பார்ப்போம். அதன் கையேட்டில் இரண்டு எண்கள் உண்டு. 8 ஓமில் 45 வாட், 4 ஓமில் 70 வாட். முதல் எண் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சிலும் 0.07 சதவீத சிதைவில் எடுத்தது. இரண்டாவது எண் 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும், 0.7 சதவீத சிதைவில் எடுத்தது. இரண்டும் உண்மைதான், இரண்டையும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் ஒரு எண் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் 70 ஆகத்தான் இருக்கும். ஒப்பிடும்போது 8 ஓம் எண்ணை 8 ஓம் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் குட்டி ஆம்ப்களுக்கு இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. '100 வாட் + 100 வாட்' என்று போட்டிருக்கும். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள். 60 வாட். உள்ளே போவதே 60 என்றால் வெளியே 200 எப்படித் தொடர்ந்து வரும்?

இதிலும் இன்னொரு வரம்பு உண்டு. உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட் இல்லாவிட்டால், 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கிடைப்பது பக்கத்துக்கு அதிகபட்சம் 9 வாட். அதே ஆம்ப் 24 வோல்ட்டைத் தாங்கக்கூடியது என்றால், 24 வோல்ட் அடாப்டரில் அது 36 வாட் வரை போகும். வோல்டேஜ் இரட்டிப்பானால் பவர் நான்கு மடங்கு. இந்த வகை ஆம்ப்களில் அடாப்டரின் எண்தான் நிஜம். அந்த அடாப்டரில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

எண் 1: சென்சிட்டிவிட்டி

ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதே சென்சிட்டிவிட்டி. டெசிபலில் சொல்வார்கள். எல்எஸ்3/5ஏ ஏறக்குறைய 83. கேஇஎஃப் கியூ150 86. வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 88.

பார்க்க அடுத்தடுத்த எண்கள் மாதிரி இருக்கும். ஆனால் டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் அதிகம் வேண்டும் என்றால் பவர் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபல் வேண்டும் என்றால் பத்து மடங்கு. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்கே ஏறக்குறைய 10 டெசிபல் தேவை. அதாவது 40 வாட் ஆம்ப்பை விட்டு 80 வாட் ஆம்ப்புக்கு மாறினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான்.

சரி, அப்போ எவ்வளவு வாட் வேணும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்பீக்கரிலிருந்து 2.5 மீட்டர், அதாவது 8 அடிக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் உட்காருகிறீர்கள். ஸ்பீக்கர் 86 டெசிபல். அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் கழியும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 டெசிபல் கூடும். ஆக, பக்கத்துக்கு 1 வாட்டில் உங்கள் காதுக்கு வருவது 81 டெசிபல். நிறைவாகப் பாட்டுக் கேட்கச் சராசரி 75 டெசிபல் போதும். அதற்கு ஆகும் பவர் கால் வாட்!

ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. ஒரு தவில் அடி, ஒரு டிரம் அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே குதிக்கலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. கால் வாட்டின் நூறு மடங்கு 25 வாட். உங்களுக்குத் தேவையான உச்சம் இதுதான்.

ஸ்பீக்கர் 88 டெசிபல் என்றால் இதே வேலைக்கு ஏறக்குறைய 16 வாட் போதும். 83 என்றால் 50 வாட் வேண்டும். சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் தேவை இன்னும் குறையும். ஆகவே சாதாரணப் படுக்கையறைக்கும் சின்ன ஹாலுக்கும் நேர்மையான 40, 50 வாட் பெரும்பாலும் தாராளம்.

எண் 2: இம்பீடன்ஸ்

கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு இது. ஓமில் சொல்வார்கள். எண் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டும். பெட்டியில் '8 ஓம்' என்று இருந்தாலும் அது சராசரிப் பெயர்தான். கேஇஎஃப் கியூ150 '8 ஓம்' ஸ்பீக்கர், ஆனால் சில அலைவரிசைகளில் 3.7 ஓம் வரை இறங்கும் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. 'குறைந்தபட்சம்' என்ற அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். 4 ஓமுக்குப் பக்கத்தில் இறங்குகிற ஸ்பீக்கருக்கு, 4 ஓமைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற ஆம்ப்தான் வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூட்டும்போது ஆம்ப் சூடாகி அணைந்து போகலாம்.

இங்கே ஒரு சின்னத் தந்திரமும் உண்டு. இன்றைக்கு சென்சிட்டிவிட்டியைப் பெரும்பாலும் 1 வாட்டில் அளப்பதில்லை, 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் '88 டெசிபல்' என்று இருந்தால், ஒரு வாட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 85 தான். ஒப்பிடும் முன் 3 கழித்துவிடுங்கள்.

எண் 3: எவ்வளவு ஆழம் போகும்?

'40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த 40 ஹெர்ட்ஸில் சத்தம் பாதியா, காதுக்கே எட்டாத அளவா என்று தெரியாது. கூடவே 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' என்ற வரம்பு இருக்க வேண்டும். கியூ150-க்கு அந்த வரம்பில் கீழ் எல்லை 51 ஹெர்ட்ஸ். 6 டெசிபல் குறையலாம் என்று விட்டுக்கொடுத்தால் 47 ஹெர்ட்ஸ். ஒரே ஸ்பீக்கர்தான், விதியைத் தளர்த்தினால் எண் அழகாகிவிடுகிறது.

இது நடைமுறையில் என்ன? நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். அதன் பெரும்பகுதி 5 அங்குல வூஃபரில் தெளிவாகவே கேட்கும். அடிமட்டத்துச் சில சுரங்கள் மட்டும் மெலியும். இன்றைய திரையிசையில் வரும் அதிரும் சின்த் பேஸ்தான் உங்களுக்கு உயிர் என்றால், 6.5 அங்குல வூஃபருக்குப் போங்கள். அல்லது பின்னால் சப்வூஃபர் சேர்க்க வசதியுள்ள ஆம்ப்பாகப் பாருங்கள்.

எண் 4: உங்கள் அறையின் நீளம், அகலம்

கையேட்டில் இல்லாத எண் இதுதான். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த ஒலி மோதி மோதி வீங்கும். 343-ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த ஒலி எது என்று தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ்.

வாடகை வீட்டு அறை பலதும் 10-க்கு 10. உயரமும் ஏறக்குறைய 10 அடி. மூன்று பக்கமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் வீங்கினால், ஒரு சுரம் மட்டும் 'தொம்' என்று முழங்கி மற்றதை விழுங்கிவிடும். எத்தனை விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் இது போகாது. கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் உச்சக்குரலையும் எதிரொலிக்கும்.

காசில்லாமல் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள், மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக இருந்தால் நல்லது. நீங்கள் உட்காரும் இடம் பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். தடித்த திரைச்சீலை, கம்பளம், நிறைந்த புத்தக அலமாரி எல்லாமே எதிரொலியைக் குறைக்கும். இடமே இல்லை, சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், மூடிய பெட்டியோ முன்பக்கத் துளை உள்ளதோ பாருங்கள்.

ஆம்ப்ளிஃபையரில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வீட்டு ஆம்ப்கள் பெரும்பாலும் இரண்டு வகை. 'கிளாஸ் ஏபி' பழைய நம்பகமான வகை. கனமாக இருக்கும், கரண்டின் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும், காற்றோட்டம் வேண்டும். 'கிளாஸ் டி' கரண்டில் 90 சதவீதம் வரை ஒலிக்குத் தரும். அதனால்தான் கையளவுப் பெட்டியில் அடங்குகிறது. ஒரு காலத்தில் கிளாஸ் டி என்றால் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு நன்றாக வடிவமைத்த கிளாஸ் டி எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சக்தி வரம்புக்குள் ஓடும்வரை, நல்ல இரண்டு ஆம்ப்களுக்கு இடையே காது கேட்கும் வித்தியாசம் சின்னது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே வித்தியாசம் பெரிது. எனவே ஆம்ப்பில் காசு கொடுப்பது பெரும்பாலும் வசதிக்குத்தான். ப்ளூடூத், டிவி இணைப்பு, ரிமோட், சப்வூஃபர் இணைப்பு, ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ இணைப்பு. இதில் உங்களுக்கு எது தேவை என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

ஆம்ப்பே தனியாக வேண்டாம் என்றால் 'ஆக்டிவ்' அல்லது 'பவர்டு' ஸ்பீக்கர் இருக்கிறது. ஆம்ப் உள்ளேயே இருக்கும். பொருத்தம் பார்க்கிற தலைவலி இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறவர்களுக்குச் சுமையும் குறைவு. ஆனால் உள்ளே உள்ள ஆம்ப் பழுதானால் ஸ்பீக்கரும் சேர்ந்து படுத்துவிடும். தனித்தனியாக வாங்கினால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

வயர் விஷயத்தில் ஏமாந்துடாதீங்க. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் தூரத்துக்குத் தாராளம். பல ஆயிரம் ரூபாய் 'ஆடியோ வயர்' அதைவிட எதையும் கூடுதலாகக் கேட்க வைக்காது.

கடையில் எப்படிக் கேட்பது?

கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து மக்களைக் கேட்க வைத்தார். பார்க்காமல் கேட்கும்போது பெரும்பாலானோர் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். எந்த அலைவரிசையையும் தூக்காமல் தாழ்த்தாமல் சமமாக ஒலிப்பவை, பக்கவாட்டிலும் அந்தச் சமநிலை கெடாதவை. பிறகு ஹார்மன் நிறுவனத்தில் அவரும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தவுடன் மதிப்பெண் மாறியது. பிராண்டும் அளவும் விலையும் காதை இழுத்துவிட்டன.

ஆகவே கடையில் மூன்று விஷயம் செய்யுங்கள். முதலாவது, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். போனில் ஒரு டெசிபல் செயலி போதும். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் 'நல்லா இருக்கு' என்று தோன்றும். இரண்டாவது, கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். நூறு தடவை கேட்ட உங்கள் பாட்டைப் போடுங்கள். ஒரு தனிக்குரல், ஒரு மிருதங்கமோ தபேலாவோ, கருவிகள் நெரிசலாக வரும் ஒரு பாடல். மூன்றாவது, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

பக்கத்து வீடும் உங்கள் காதும்

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். வீட்டில் சொந்தமாக வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தம், வீட்டு எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஒரு வாட்டுக்கும் குறைவாகவே பெரும்பாலான நேரம் கேட்கப் போகிறோம் என்று மேலே பார்த்தோம். பிறகு 200 வாட்டை எங்கே பயன்படுத்துவது?

காதுக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம்.

கடைசியாக, பணத்தை எப்படிப் பிரிப்பது?

நூறு ரூபாய் இருந்தால் 60 ஸ்பீக்கருக்கு, 30 ஆம்ப்புக்கு, 10 ஸ்டாண்டுக்கும் வயருக்கும். இது சட்டம் இல்லை, ஒரு தொடக்கம். ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுங்கள், அதற்குப் பொருந்தும் ஆம்ப்பைப் பிறகு தேடுங்கள். ஆம்ப் பழசானால் மாற்றலாம். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் கூட வரும்.

வாங்கப் போகும் முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்:

• அறையின் நீளம், அகலம். நான் உட்காரும் தூரம்.
• ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 4 ஓம் என்றால் 3 கழிக்கவும்.
• ஸ்பீக்கரின் குறைந்தபட்ச ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா?
• 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' வரம்பில் கீழ் எல்லை எவ்வளவு ஹெர்ட்ஸ்?
• ஆம்ப்பின் 8 ஓம் வாட், எவ்வளவு சிதைவில்? குட்டி ஆம்ப் என்றால் அடாப்டரின் வோல்ட், ஆம்பியர்.
• பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? வாரண்டி இந்தியாவில் செல்லுமா?

கடைக்காரர் "சார், இது 200 வாட்" என்று ஆரம்பித்தால் "சென்சிட்டிவிட்டி எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நீங்கள் சரியான கடையில் நிற்கிறீர்கள்.